எட்டு மணி நேரச் சொந்தம்

1854ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் நேரத்தில், 'ஓரெலி' என்ற பாய்மரக் கப்பல் குவாதலூப் தீவின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள். பெரும்பாலும் தமிழர்கள். முந்தைய ஆண்டு மே மாதம் அதே கப்பல் பக்கத்துத் தீவான மார்த்தினிக்கில் முதல் கூட்டத்தை இறக்கியிருந்தது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 பேர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் அதில் நிறைய. திரும்பிப் போனவர்கள் கொஞ்சம்தான்.

அடுத்த ஜனவரியில் எங்கள் கப்பலும் அதே துறைமுகத்தில் நிற்கும். காலை எட்டு மணிக்குக் கட்டி, மாலை ஐந்துக்குக் கிளம்பும். நாலரைக்கு முன்னால் ஏறிவிட வேண்டும். வரிசையில் நின்று இறங்கும் அரை மணி நேரத்தைக் கழித்தால் கரையில் எட்டு மணி நேரம். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவில் போனால், பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாக டாக்சி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. சொந்தச் செலவில் அடுத்த தீவுக்கு வந்து சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் ஏழு பேர். ஈப்போவிலிருந்து நால்வர், அமெரிக்காவில் வேலை செய்யும் அக்கா மகள், அவள் கணவர், குழந்தை. அம்மாவுக்கு எழுபத்தைந்து முடிவதை ஒட்டி அவள் போட்ட திட்டம். மற்ற தீவுகளைப் பற்றி வாட்சாப் குழுவில் ஒரு சண்டையும் இல்லை. கடல், மணல், நிழல், சாப்பாடு. குவாதலூப்பில்தான் இழுபறி. கப்பல் கொடுத்த பட்டியலில் கோசியே கடற்கரை, கார்பே அருவி, ரம் வடிக்கும் ஆலை, கேட்டமரான் படகு எல்லாம் இருக்கின்றன. கோயில் இல்லை. துறைமுகத்திலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் போனால் கபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊர்ப் பகுதியில் ஷாங்கி கோயில் இருக்கிறது. வண்ணம் பூசிய சிற்பங்களோடு நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். அங்கே போகலாம் என்று குழுவில் எழுதியவள் நான்.

"சித்தி, அங்க நம்ம ஆளுங்க இருக்காங்க, சரி. ஆனா போய் என்ன பேசப் போறோம்? அவங்க பிரெஞ்சு, நாம தமிழும் இங்கிலீஷும்," என்றாள் அக்கா மகள். அத்தானின் கவலை கப்பலை விட்டுவிடுவோமோ என்பது. அம்மாவின் கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"அவங்க நம்மள கூப்ட்டாங்களா?"

இந்த ஒரு கேள்வியைத்தான் நான் சில வாரங்களாகப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அழைப்பில்லாமல் ஓர் ஊருக்குப் போவதில் தவறில்லை என்றுதான் உலகம் இன்று இயங்குகிறது. காசு கொடுக்கிறோம், போகிறோம். கடற்கரையில் கிடப்பதற்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. நாற்காலிக்கு இத்தனை யூரோ என்று பலகை வைத்திருப்பார்கள், அதுவே அழைப்பு. கோயிலுக்கு அப்படிப் பலகை கிடையாது. நான் அங்கே என்னவாகப் போகிறேன்? பக்தையாகவா, பயணியாகவா, சொந்தக்காரியாகவா?

இம்மானுவேல் காண்ட் 1795இல் வெளியிட்ட 'நிரந்தர அமைதி' பற்றிய சிறு நூலில் இதையொட்டி ஒரு வேறுபாடு செய்கிறார். அந்நிய மண்ணில் கால் வைக்கும் எவரையும் எதிரியாக நடத்தக் கூடாது. பூமி உருண்டை, மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருக்க முடியாது, ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும் என்கிறார். ஆகவே வந்து பார்க்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆனால் விருந்தாளியாக நடத்தப்படும் உரிமை யாருக்கும் இல்லை. அதற்குத் தனியாக ஓர் இணக்கம் வேண்டும், அதை வீட்டுக்காரர்தான் தர முடியும். அதே பக்கங்களில், ஐரோப்பிய நாடுகளுக்குப் 'போய்ப் பார்ப்பது' என்றால் 'போய்ப் பிடிப்பது' என்றாகிவிட்டதைச் சாடும்போது, கரீபியனின் கரும்புத் தீவுகளை மிகக் கொடிய அடிமைமுறையின் இடம் என்று குறிப்பிடுகிறார். நாங்கள் இறங்கப் போகும் கடற்பகுதிதான். காண்ட் கொனிக்ஸ்பெர்க் வட்டாரத்தைத் தாண்டிப் போனவரில்லை. எங்கள் அம்மாவும் நூல் எதுவும் படித்தவரில்லை. இருவரும் கேட்பது ஒன்றுதான்.

சரி, சொந்தக்காரர்களுக்கு இந்த விதி பொருந்துமா என்று அடுத்து யோசித்தேன். சொந்தம் என்றால் கூப்பிடாமலே போகலாமே. என்னைத் தயங்க வைத்தது அந்தச் சொல்தான். கடற்கரைக்குப் போகிறவர் அந்தத் தீவிடம் கேட்பது வெயிலும் நிழலும். சொந்தம் என்று சொல்லிக்கொண்டு போகிறவர் கேட்பது அதைவிட அதிகம். அடையாளம் கண்டுகொள்ளச் சொல்கிறார். முகத்தைப் பார்த்ததும் நெகிழச் சொல்கிறார். நூற்றெழுபது ஆண்டுக் கதையை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லி முடிக்கச் சொல்கிறார். நாலரைக்குக் கப்பலேறி, 'அங்கேயும் நம்ம ஆளுங்க' என்று படத்தோடு பதிவு போடுகிறார்.

மறுபக்கத்தில் இருந்து பழகியவர்கள் நாங்கள். சனி ஞாயிறுகளில் ஈப்போ பழைய நகரத்தில் நடக்க இடம் இருக்காது. கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் இரண்டரை மணி நேரம். வந்து இறங்கி, வெள்ளைக் கோப்பி குடித்து, தவுகே கோழி சாப்பிட்டு, லோரோங் பங்லிமாவில் படம் எடுத்து, புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் போய்விடுவார்கள். இவர்கள்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை, வாகன நெரிசலைத் தவிர. புந்தோங்கில் கடலை வறுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது பிழைப்பு. வாங்குகிறவர் அவர்களுடைய பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. முறுக்கு மொறுமொறுவென்று இருக்கிறதா என்று கடித்துப் பார்ப்பதோடு சரி.

பத்து காஜா பக்கத்தில் கெல்லி மாளிகை இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோனதால் பாதியில் நின்ற கட்டடம். தமிழ் வேலையாட்களைக் கொண்டு கட்டியது. இன்ஃபுளுவென்சா வந்து அவர்களில் பலர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் கட்டிக்கொடுத்த மாரியம்மன் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. கோயில் மேல் சாமி சிலைகளுக்கு நடுவில் தொப்பி போட்ட துரையும் நிற்கிறார். வருகிற கூட்டம் முழுக்க மாளிகைக்குப் போகும், கோயிலுக்கு வருவோர் கொஞ்சம். மாளிகையில் துரை குடும்பத்து ஆவிகள் உலாவுவதாகச் சொல்லி டிக்கெட் விற்கிறது. செத்த தொழிலாளிகளுக்கு அங்கே ஆவியாகக்கூட இடமில்லை. ஆனால் இதுவும் அந்நியரின் அறியாமைதான், பெரிதாக வலிப்பதில்லை.

வலித்தது வேறு. அம்மா பிறந்து, பால்மரம் வெட்டி, எங்களை வளர்த்த தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இன்று பாதி செம்பனை, பாதி தாமான். லயங்கள் போய்விட்டன, கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய தோட்டத்து ஜனங்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்வார்கள். ஒரு வருடம் தமிழ்நாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களை யாரோ 'தோட்டத்தைப் பார்க்கலாம்' என்று கூட்டி வந்திருந்தார்கள். நல்லவர்கள்தான், மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர்களில் ஒருவர் அம்மாவிடம், "நீங்க எல்லாம் இவ்வளவு நல்லா தமிழ் பேசுறீங்களே!" என்று வியந்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்றைக்கும் எனக்குச் சரியான சொல் கிடைக்கவில்லை. வேறு என்ன பாஷையில் இவர் பேசுவார் என்று எதிர்பார்த்தார்கள்? பிறகு லயம் எங்கே இருந்தது, எத்தனை மணிக்குப் பெரட்டுக்குப் போவீர்கள், துரை அடிப்பாரா என்று கேட்டார்கள். அம்மா அடி வாங்கியதில்லை. அதைச் சொன்னபோது அவர்கள் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரிந்ததாக எனக்குப் பட்டது. கண் கலங்கி, படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் பேருந்தேறிப் போனார்கள்.

"பரிட்சை எழுதுன மாதிரி இருந்துச்சு," என்றார் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

குவாதலூப்பில் நான் தேர்வு நடத்துபவளாகப் போய் நிற்பேனோ என்பதுதான் என் பயம். அங்கே தேர்வில் எல்லாரும் தோற்பார்கள். தமிழ் அங்கே பேச்சு மொழியாக இல்லை. பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். பூசையில் பாடும் பாட்டுகளில் தமிழ் இருக்கிறது, பாடுகிறவர்களுக்கே அர்த்தம் முழுக்கத் தெரியாத தமிழ். மாரியம்மன் அங்கே மாலியெமென். மதுரை வீரன் மல்தெவிலென். தெருக்கூத்து போன்ற ஆட்டத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர், நாடகம் என்ற சொல்தான். தீவின் விருந்துகளில் தவறாமல் இடம்பெறும் 'கொலம்போ' நம் குழம்பு என்பார்கள். பிரெஞ்சு எழுத்தர்கள் ஒருவருக்கு இருந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டதால் ராமசாமி, முத்துசாமி, வீரப்பன் எல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறார்கள், வேறு எழுத்துக்கூட்டலில். எர்னெஸ்ட் முத்துசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்திலேயே உறுப்பினராக இருந்தவர், நாவலும் எழுதியவர். எழுதியது பிரெஞ்சில்.

இதையெல்லாம் கேட்டதும் நம்மவர்கள் உடனே சொல்வது, "ஐயோ பாவம், மொழியை விட்டுட்டாங்களே." அடுத்த வாக்கியம் சொல்லப்படாமலே தொக்கி நிற்கும்: நாங்கள் விடவில்லை.

நாங்கள் ஏன் விடவில்லை? இதை மலேசியத் தமிழர்கள் தியாகத்தின் கதையாக மட்டும் சொல்லிப் பழகியிருக்கிறோம். தியாகம் இருந்தது, மறுக்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பு நடத்திய வாத்தியார்களை நான் அறிவேன். ஆனால் தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நீராவிக் கப்பலில் சுமார் ஒரு வாரம். 'ஓரெலி' மார்த்தினிக்குப் போய்ச் சேர மூன்று மாதம் ஆனது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டாலும், கங்காணிகள் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களையே கூட்டி வந்தார்கள். இந்திய அரசு 1938இல் தடுக்கும்வரை அந்த ஓட்டம் நிற்கவில்லை. 1926இல் கட்டிய 'ரஜூலா' கப்பல் 1970களின் தொடக்கம்வரை போய் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வந்தார், பத்திரிகை வந்தது, சினிமாப் பெட்டி வந்தது. என் தாத்தாவும் அதன் மேல்தளத்தில் படுத்துக்கொண்டு வந்தவர்தான். குவாதலூப்புக்கோ 1889க்குப் பிறகு கப்பலே வரவில்லை. பிரெஞ்சு இந்தியப் பிடிப்பகுதிகளோடு, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க 1861இல் செய்த உடன்படிக்கையை பிரிட்டன் நிறுத்திவிட்டது. கதவு சாத்திவிட்டது.

பள்ளிக்கூடத்தையும் பாருங்கள். 1923இன் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பிரிட்டிஷார் தமிழ்மேல் வைத்த பாசத்தால் செய்ததில்லை. தொழிலாளி குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க வேண்டும், பிள்ளையும் வளர்ந்து அதே மரத்தை வெட்ட வேண்டும். பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு வேறு. எல்லாரையும் பிரெஞ்சாக்குவது அவர்கள் வழி. ஒரு பேரரசு ஒதுக்கி வைத்ததால் எங்களுக்குத் தமிழ் தங்கியது. இன்னொரு பேரரசு உள்ளே இழுத்ததால் அவர்களுக்குப் போனது. இதில் எங்கள் குணத்துக்கு எவ்வளவு பங்கு, புவியியலுக்கு எவ்வளவு பங்கு?

பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் 1976இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். நம் கையில் இல்லாத சூழ்நிலையால் விளைந்த ஒன்றுக்காக நம்மைப் புகழ்வதும் பழிப்பதும் எவ்வளவு சரி என்பது அவர்கள் பேசிய விஷயம். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். நாம் ஊழைத் துன்பத்துக்குத்தான் இழுப்போம். 'என் தலையெழுத்து' என்று அழுவோம். நமக்கு வாய்த்த நல்லதை ஊழ் என்று ஒப்புக்கொள்வது மட்டும் ரொம்பச் சிரமம். அதை உழைப்பு என்போம்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொண்டால் போதும். அக்கா மகளின் பிள்ளைக்கு நான்கு வயது, தமிழ் புரியும், பேசாது. அது அவள் குற்றமா? இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், அமெரிக்கக் குழந்தைக் காப்பகத்தில் பத்து மணி நேரம் இருக்கும் குழந்தை. குவாதலூப்பில் மூன்று தலைமுறையில் நடந்தது எங்கள் குடும்பத்தில் ஒரே தலைமுறையில் நடக்கிறது, அதுவும் யாரும் கட்டாயப்படுத்தாமல். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஷாங்கி கோயில் வாசலில் நின்று, "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று நான் யாரையாவது கேட்டால் எப்படி இருக்கும்!

டெரிக் வால்காட் 1992இல் நோபல் பரிசு ஏற்புரையை டிரினிடாட்டின் ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் நடக்கும் ராமலீலாவிலிருந்து தொடங்கினார். ஒப்பந்தக் கூலிகளாக வந்த வட இந்தியர்களின் வழியினர் வயல்வெளியில் ராமாயணம் நடத்துகிறார்கள். பிறந்தது பக்கத்துத் தீவில் என்றாலும் அவர் அங்கே பார்வையாளர்தான். முதலில் அதை ஒரு நாடகமாகவும், தொலைந்துபோன பெரிய ஒன்றின் மங்கலான நிழலாகவும் பார்த்ததாகச் சொல்கிறார். பிறகுதான் அவருக்கு உறைக்கிறது: அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை, நம்புகிறார்கள். அவர்களுக்கு அது இழந்ததன் எச்சம் கிடையாது, அன்றைக்கு நடக்கும் திருவிழா. துக்கம் பார்க்க வந்தவரின் கண்ணில்தான் இருந்தது. கரீபியனிலேயே பிறந்த ஒருவருக்கே இந்தத் திருத்தம் தேவைப்பட்டதென்றால், எட்டு மணி நேரத்துக்கு வரும் ஈப்போக்காரிக்கு எவ்வளவு தேவைப்படும்?

பார்வை எப்படித் தடுமாறும் என்பதற்கு ஓர் ஒத்திகை வீட்டிலேயே நடந்துவிட்டது. அந்தக் கோயில்களில் கிடாவும் சேவலும் பலியிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது என்று நான் சொன்னதும் அக்கா மகள் அதிர்ந்துவிட்டாள். அவள் மூன்று வருடமாகப் பால்கூடக் குடிப்பதில்லை. "இது எல்லாம் இன்னுமா பண்றாங்க? நாம எல்லாம் விட்டுட்டோமே," என்று எழுதினாள். அம்மா குரல்பதிவில் பதில் போட்டார்: "யாரு விட்டா? முனியாண்டிக்கு உங்க தாத்தா வெட்டாத கிடாவா? கறிக்கு வரிசைல முதல்ல நின்னது உங்கம்மா." அக்கா அதற்கு மேல் குழுவில் பேசவில்லை. மொழி போய்விட்டதென்றால் பரிதாபம், கிடாவெட்டு போகவில்லையென்றால் அருவருப்பு. எதை அவர்கள் தொலைத்திருக்க வேண்டும், எதைக் காத்திருக்க வேண்டும் என்ற பட்டியலையும் நாமே கொண்டுபோகிறோம்.

இன்னொன்று எனக்குக் கடினமாக இருக்கிறது, அதைத் தாண்டிப் போகவும் முடியவில்லை. குவாதலூப் தமிழர்களின் தீவு என்பதற்கு முன்னால் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தீவு. பிரான்ஸ் 1848இல் அடிமைமுறையை ஒழித்தது. ஆறு வருடத்தில் தமிழர்கள் இறக்கப்பட்டார்கள். ஏன்? விடுதலையானவர்கள் பழைய முதலாளியிடம் பழைய நிபந்தனைகளில் வேலை செய்ய மறுத்தார்கள், கூலி கேட்டார்கள். அந்தப் பேரத்தை உடைக்கத்தான் நம்மவர்கள் தேவைப்பட்டார்கள். நம்மவர்களுக்கு அது தெரியாது, தெரிந்து வந்திருந்தாலும் வேறு வழி இருந்திருக்காது. ஆனாலும் கரையில் நின்று பார்த்த கறுப்பினத்தவருக்கு அந்தக் கப்பல் என்னவாகத் தெரிந்திருக்கும்? துறைமுக ஓரத்தில் பழைய தர்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015இல் அடிமைமுறையின் நினைவுக்கான அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் நேரே டாக்சி பிடித்து 'நம்ம கோயிலுக்கு' ஓடினால், ஒரு தீவுக்குள் நம் சாதிசனத்தை மட்டும் தேடிப்போய்ப் பார்த்துத் திரும்பியதாகத்தான் ஆகும். மலேசியாவில் 'பிரிட்டிஷ்காரன் கொண்டுவந்தவர்கள்' என்று எங்களைச் சொல்லும்போது கோபப்படுகிறோம். அந்த வாக்கியத்தைச் சொல்பவர் எதை இழந்ததாக நினைக்கிறார் என்று நாங்கள் அதிகம் கேட்டுக்கொண்டதில்லை.

அப்படியானால் பேசாமல் கடற்கரைக்கே போய்விடலாமா? அத்தான் இதைத்தான் சொல்கிறார். மணலில் யார் மனமும் புண்படாது. ஆனால் மணலும் அவ்வளவு சுத்தமில்லை. 2010 ஜனவரி 12இல் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்து தலைநகரம் பிணக்காடாகியது. மூன்று நாள் கழித்து, அதே நாட்டின் வடகரையில் வேலி போட்ட லபாடி என்ற தனியார் கடற்கரையில் உல்லாசக் கப்பல் ஒன்று வழக்கம்போல் பயணிகளை இறக்கியது. நிவாரணப் பொருளும் கொண்டுவந்தோம், கப்பல் வராவிட்டால் அங்கே வேலை செய்பவர்களுக்கு வருமானம் போகும் என்றார்கள் கப்பல்காரர்கள். பொய்யென்று தள்ளிவிட முடியாத வாதம். கப்பலிலேயே சிலர் இறங்க மறுத்துவிட்டார்கள், சிலர் இறங்கி நீந்தினார்கள். ஜமெய்க்கா கின்கெய்ட் 1988இல் தன் ஆண்டிகுவா தீவைப் பற்றி எழுதிய சிறு நூலில் பயணியை நேரடியாக 'நீ' என்று கூப்பிட்டுக் கிழித்து எடுக்கிறார். அவர் சொல்வதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வோர் ஊர்க்காரருக்கும் தன் சலிப்பிலிருந்து எங்காவது போய்வர ஆசை உண்டு, பெரும்பாலானவர்களுக்குக் காசில்லை என்பது. எங்கள் தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு தடவை லாரி பிடித்து லுமுட் கடற்கரைக்குப் போவார்கள். அம்மாவுக்குச் சுற்றுலா என்றால் அதுதான். பால்கனி வைத்த அறையில் அவர் போவதைக் குற்றவுணர்ச்சியாக்க நான் தயாரில்லை.

போகாமலிருப்பதும் நல்ல பதிலாகப் படவில்லை. நூறு வருடத்துக்கு மேல் யாரும் எட்டிப் பார்க்காத சொந்தங்கள். அவர்களில் பலர் இன்று தமிழ்நாட்டுக்குப் போய்க் கோயில்களைப் பார்த்து வருகிறார்கள். வருபவரை அவர்கள் விரட்டப் போவதில்லை. அவர்கள் கதையில் நான் தேட வேண்டியது எது என்றுதான் யோசிக்கிறேன். கபெஸ்தேரில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தன் ஊர் வாக்காளர் பட்டியலில் இந்திய வழியினரின் பெயர்களைச் சேர்க்கப் போய், இவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களே இல்லை என்று நிர்வாகம் எதிர்த்ததால் வழக்குக்கு இழுக்கப்பட்டார். அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க 1923 ஆனது. பத்தொன்பது வருடம் ஒரு மனிதர் காகிதத்தோடு போராடியிருக்கிறார். பேராக்கில் பிறந்து, பேராக்கிலேயே கிழடாகி, சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போன தோட்டத்து ஆட்களை எனக்குத் தெரியும். சிதம்பரத்தின் கதையை எங்கள் தோட்டத்தில் யாருக்குச் சொன்னாலும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. இதற்குத் தமிழ் இருந்ததா போனதா என்ற கேள்வியே குறுக்கே வருவதில்லை.

இதுவரை தேறியிருக்கும் திட்டம் இதுதான். காலையில் நடக்கும் தூரத்தில் இருக்கும் சந்தைக்குப் போய் கொலம்போ மசாலா வாங்குவது. அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம். அக்காவும் அத்தானும் குழந்தையோடு கடற்கரைக்குப் பிரிந்துகொள்வார்கள், அவர்களுக்கு அதுதான் வேண்டும். அம்மாவும் நானும் அக்கா மகளும் அவள் கணவரும் டாக்சியில் கபெஸ்தேர். மூன்றரைக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று டாக்சிக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுவது. கோயில் பூட்டியிருந்தால் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருவது, திறக்கச் சொல்லி ஆள் தேடுவதில்லை. யாராவது இருந்தால், அவர்கள் பேச ஆரம்பித்தால் பேசுவது. நாமாக யாரையும் படம் எடுப்பதில்லை. அக்கா மகளுக்குப் பள்ளியில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் நினைவிருக்கிறது. வணக்கம், நன்றி, உள்ளே வரலாமா என்ற மூன்றையும் எல்லாரும் கற்றுக்கொள்ளச் சொல்லிப் பதிவு அனுப்பியிருக்கிறாள். அம்மா தினமும் 'போன்ழூர்' சொல்லிப் பழகுகிறார். அது 'பொஞ்சூர்' என்றுதான் வருகிறது.

போக ஒப்புக்கொண்டாலும் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "சொந்தக்காரங்க வீடுன்னா வெறுங்கையோட போகக் கூடாது." புந்தோங்கிலிருந்து இரண்டு கிலோ கச்சாங் பூத்தே எடுத்துப் போக வேண்டுமாம். கப்பலிலிருந்து பிரெஞ்சு மண்ணுக்குள் தின்பண்டம் கொண்டுபோக விடுவார்களா என்று அத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். பொட்டலம் கட்டி ஒட்டியிருந்தால் விடுவார்கள், பிரித்திருந்தால் சந்தேகம்தான் என்கிறார். எதற்கும் மூன்று கிலோவாக வாங்கு என்கிறார் அம்மா.